ஆமத்தூர் ரோடும் ஆறு வோல்ட் பல்பும்

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணான். சிவகாசில ஒரு ஆப்செட் அச்சகத்துல ராத்திரி ஷிப்ட் பார்க்கிறான். வீடு விருதுநகர். ஆமத்தூர், திருத்தங்கல் வழியா தினமும் பைக்லதான் போக வர.

"மாமா, வண்டில வெளிச்சமே பத்தல. ஒரு எல்இடி பல்பு வாங்கி மாட்டிறவா?"

மாட்டுன்னு சொல்லிட்டு வச்சிருக்கலாம். வேணாம்னும் சொல்லியிருக்கலாம். நான் "ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துட்டு வீட்டுக்கு வாடா"ன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு ஒரு காரணம் உண்டு. எனக்கே கொஞ்சம் கூச்சமான காரணம். பின்னால சொல்றேன். அதுக்கு முன்னாடி மக்களே, ஹெட்லைட்டுக்காக ஒரு பெரிய கொசுவத்தி சுத்திக்கிறேன். பொறுத்துக்கோங்க.

வெளிச்சம் விக்கிற ஊர்

எங்க ஊர்ப் பக்கம் ஒரு வேடிக்கை இருக்கு. நாட்டுல பாதிக்கு மேல வானத்துல வெளிச்சம் காட்டுறது நாங்கதான். ஆனா எங்க ரோட்டுல பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது.

1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து, 1923-ல சிவகாசில ஆரம்பிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டிக்குப் பின்னால மத்தாப்பு, அப்புறம் பட்டாசு. 1940-ல வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஆனதுக்கு அப்புறம் ஆலைகள் வரிசையா முளைச்சுது. அந்த ஆலைகள் எல்லாம் ஊருக்கு நடுவுல இருக்க முடியாது. ஆபத்தான வேலை. வெம்பக்கோட்டைப் பக்கம், சாத்தூர்ப் பக்கம், விருதுநகர் பக்கம்னு கரிசல் காட்டுக்குள்ள தள்ளித் தள்ளித்தான் இருக்கும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டு, சுத்தி சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும்.

மருந்து இருக்கிற அறையில பகல் வெளிச்சத்தை நம்பித்தான் வேலை. மருந்து கலக்கிறது எல்லாம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காலைக் குளிர்ச்சியில முடிச்சிரணும். அப்படின்னா வேலைக்குப் போற ஜனம் எப்பக் கிளம்பும்? கோழி கூப்பிடக் கிளம்பும். வேனு, பஸ் வர்ற ஊர்னா பரவாயில்ல. அது வராத ஊர்ல இருந்து சைக்கிள்லயும், டிவிஎஸ் 50-லயும், நடந்தும் வர்றவங்கதான் அதிகம். இருட்டுல புறப்பட்டு, பகல் பூரா ஊருக்கு வெளிச்சம் செஞ்சுட்டு, பல நாள் இருட்டுனப்புறம் வீடு திரும்புறவங்க.

அதனால எங்க பக்கத்துல ஹெட்லைட்ங்கிறது வண்டிக்கு அழகு பாக்குற சமாச்சாரம் கிடையாது. நல்லபடியா வீடு போய்ச் சேர்ற சமாச்சாரம்.

எண்ணெய், கார்பைடு, டைனமோ

மோட்டார் சைக்கிளுக்கு முன்னாடி சைக்கிள். சைக்கிளுக்கு முன்னாடி மாட்டு வண்டி. வண்டிக்கு அடியில ஒரு அரிக்கேன் விளக்கு ஆடிக்கிட்டே போகும். அது வண்டிக்காரருக்கு வழி காட்டுறதுக்கு இல்ல. மாட்டுக்கே வழி தெரியும், அவரு பாதி தூரம் தூங்கிட்டுத்தான் வருவாரு. "இங்க ஒரு வண்டி போகுது, மோதிராதீங்கய்யா"ன்னு பின்னால வர்றவனுக்குச் சொல்றதுக்குத்தான் அந்த விளக்கு. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க. ஹெட்லைட் வரலாறு பூரா இந்த ரெண்டு வேலைக்கும் நடுவுலதான் அல்லாடுது: நாம பாக்குறது ஒண்ணு, நம்மளை அடுத்தவன் பாக்குறது இன்னொண்ணு.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள்ல கார்பைடு விளக்கு. கால்சியம் கார்பைடு கட்டி மேல சொட்டுச் சொட்டா தண்ணி விழும். அசிட்டிலீன் வாயு வரும். அதைப் பத்த வச்சா பளீர்னு வெள்ளை வெளிச்சம். கார்பைடை மின்சார உலையில மலிவாத் தயாரிக்கிற வழி 1892-ல அமெரிக்காவுல தாமஸ் வில்சன் கண்டுபிடிச்சது. அதுக்கப்புறம்தான் சைக்கிள், கார், பைக்னு எல்லாத்துலயும் இந்த விளக்கு ஏறுச்சு. நம்ம ஆளுங்களுக்கு இந்த வாயு நல்லாவே பழக்கம். பழைய வெல்டிங் பட்டறையில மூக்கைத் துளைக்குமே ஒரு பூண்டு வாடை, அதேதான். மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாப் போடுறதும் இந்தக் கார்பைடுதான்.

தண்ணி ஜாஸ்தியா சொட்டினா சுவாலை எகிறும். கம்மியாச் சொட்டினா மங்கும். காத்தடிச்சா அணையும். லோ பீம், ஹை பீம் எல்லாம் அதுல எங்க? பல்புக்குள்ள ரெண்டு இழை வச்சு, ஒண்ணு தூரத்துக்கு, ஒண்ணு கிட்டத்துக்குன்னு பிரிச்சது 1920-கள்லதான். "எதிர்ல வர்றவனுக்கும் கண்ணு இருக்கு"ன்னு ஹெட்லைட்டுக்குப் புத்தி வந்த நாள் அதுதான்னு நான் நினைச்சுப்பேன்.

சைக்கிள்ல டைனமோ. 6 வோல்ட், 3 வாட்ஸ். டயர்ல உரசிக்கிட்டு 'உய்ங்ங்'னு ஒரு சத்தம். மிதிக்க மிதிக்க வெளிச்சம், நின்னா இருட்டு. ராத்திரி லைட் இல்லாத சைக்கிளை மடக்கி போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கி விட்டுருவாராம். எங்க அப்பா அப்படி ஒரு தடவை ரயில்வே கேட்ல இருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்திருக்காரு. இன்னைக்கு நினைச்சா அந்தக் கெடுபிடி நல்லதுக்குத்தான்னு தோணுது.

ஆறு வோல்ட் காலம்

1955-ல சென்னையில என்ஃபீல்டு இந்தியா கம்பெனி வந்து புல்லட் இங்கயே உருவாக ஆரம்பிச்சுது. 1960-கள்ல மைசூர்ல இருந்து ஜாவா, அதுவே 1970-கள்ல யெஸ்டி. வடக்க இருந்து ராஜ்தூத். அதே 1961-ல சென்னை பாடியில லூகாஸ் டிவிஎஸ் ஆரம்பிச்சு, வண்டிகளுக்கான மின்சார சாமான் இங்கயே தயாராச்சு. புல்லட்டோட ஹெட்லைட்டுக்கு மேல ரெண்டு பக்கமும் பூனைக்கண்ணு மாதிரி ரெண்டு சின்ன விளக்கு இருக்கே, அது 1954 மாடல்ல இங்கிலாந்துல வந்த அமைப்பு. இன்னைக்கும் அந்த ரெண்டு கண்ணை வச்சுத்தான் புல்லட் வருதுன்னு தூரத்துல இருந்தே சொல்லுவோம்.

அந்தக் காலத்து வண்டி பலதும் 6 வோல்ட். இதுல ஒரு சங்கடம் இருக்கு, கொஞ்சம் கணக்கு பேசிக்கிறேன். ஒரே வாட்ஸ் பல்பை 12 வோல்ட்ல எரிக்க எவ்வளவு கரண்ட் வேணுமோ, 6 வோல்ட்ல அதை மாதிரி ரெண்டு மடங்கு வேணும். கரண்ட் ரெண்டு மடங்கானா ஒயர்ல வீணாகுற வோல்ட்டும் ரெண்டு மடங்கு. மொத்தமே பாதி வோல்ட்தான் இருக்குங்கும்போது அந்த நஷ்டம் விகிதத்துல நாலு மடங்கு. துருப்பிடிச்ச ஒரு எர்த் கனெக்‌ஷன், கரி புடிச்ச ஒரு சுவிட்ச் போதும், பல்பு செவ்வரளிப் பூ மாதிரி ஆயிரும்.

இழை பல்புக்கு இன்னொரு குணம் உண்டு. வோல்ட் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் நிறையக் குறையும். பல்புக்கு வர்ற வோல்ட்ல 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சத்துல சுமார் 30 சதவீதம் போயிரும். பல்பு புதுசுதான், கம்பெனி பல்புதான், ஆனாலும் மங்கலா எரியுதேன்னு தலையைச் சொறியறவங்க இதை எழுதி வச்சுக்கோங்க.

சின்ன வண்டிகள் கதை இன்னும் பாவம். ஸ்கூட்டர், மொபெட், பிற்பாடு வந்த நூறு சிசி பைக் பலதுலயும் ஹெட்லைட்டுக்கு பேட்டரியில இருந்து கரண்ட் வராது. எஞ்சின் சுத்துற காயில்ல இருந்து நேரா வரும். முறுக்கினா வெளிச்சம், விட்டா மங்கல். யோசிச்சுப் பாருங்க. முன்னால பள்ளம் மாதிரி ஏதோ தெரியுது. நாம என்ன செய்வோம்? ஆக்சிலரேட்டரை விடுவோம். சரியா எந்த நேரத்துல நல்லாப் பாக்கணுமோ, அந்த நேரத்துல லைட் படுத்துரும். நம்ம ஆளுங்க இதுக்கு ஒரு வித்தை கண்டுபிடிச்சாங்க. கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு எஞ்சினை மட்டும் உறுமவிட்டு, வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டு, பள்ளத்தைத் தாண்டுறது. பெட்ரோல் போனாப் போகுது, கால் உடையாம இருந்தாச் சரின்னு.

1980-ல டிவிஎஸ் 50 வந்துச்சு. எங்க மாவட்டத்தையே மாத்தின வண்டின்னு சொன்னா மிகையில்ல. (மாவட்டமே 1985-லதான் ராமநாதபுரத்துல இருந்து பிரிஞ்சுது. அப்ப காமராஜர் மாவட்டம்னு பேரு.) பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுறது வீட்டு வேலை. உருட்டின குழாயை மூட்டை மூட்டையா டிவிஎஸ் 50 பின்னால கட்டிக்கிட்டு ஆலைக்குக் கொண்டு போவாங்க. பின்னால பாரம் ஏற ஏற வண்டி முன்பக்கம் தூக்கும். முன்பக்கம் தூக்கினா ஹெட்லைட்டும் தூக்கும். பாரத்தோட போற டிவிஎஸ் 50 வெளிச்சம் ரோட்டுல விழாது, புளியமர உச்சியில இருக்கிற காக்கா கூட்டுல விழும். ஓட்டுறவருக்கு ரோடு தெரியாது, எதிர்ல வர்றவருக்குக் கண்ணு கூசும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

ஹாலஜன் வந்த கதை

1984, 85-ல இண்ட் சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் அடுத்தடுத்து வந்துச்சு. 1994-ல ஸ்ப்ளெண்டர். 2001-ல பல்சர். இந்த இருபது வருஷத்துல 6 வோல்ட் போயி 12 வோல்ட் வந்துச்சு, சாதா பல்பு போயி ஹாலஜன் வந்துச்சு.

ஹாலஜன்ல என்ன விசேஷம்? சாதா பல்புல டங்ஸ்டன் இழை சூட்டுல ஆவியாகி கண்ணாடியில கருப்பாப் படியும். இழை மெலியும், கண்ணாடி கருக்கும். ஹாலஜன் பல்புக்குள்ள அயோடினோ புரோமினோ கொஞ்சம் வாயுவா இருக்கும். அது ஆவியான டங்ஸ்டனைக் கூட்டிக்கிட்டுப் போயி திரும்ப இழையிலயே விடும். அதனால இழையை இன்னும் சூடா, இன்னும் வெள்ளையா எரிக்கலாம். வண்டிக்கான ஹாலஜன் பல்பு ஐரோப்பாவுல 1962-ல வந்துச்சு. ரெண்டு இழை உள்ள எச்4 பல்பு 1971-ல. நம்ம தெருவுக்கு வர கால் நூற்றாண்டு ஆச்சு.

எச்4 பல்பைக் கையில எடுத்துப் பாருங்க (கண்ணாடியைத் தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்டா சீக்கிரம் போயிரும்). லோ பீம் இழைக்கு அடியில ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போற வெளிச்சத்தை அது மறைக்கும். மறைக்கலேன்னா அந்த வெளிச்சம் ரிஃப்ளெக்டர்ல பட்டு மேல எழும்பி எதிர்ல வர்றவன் கண்ணுக்குப் போகும். அம்புட்டு நுணுக்கமா இடம் பாத்து வச்சது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு தப்பிரும்.

இந்த ரிஃப்ளெக்டர்ல உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுங்குதே, அது மெல்லிசான அலுமினியப் பூச்சு. எங்க ஆலையில புஸ்வாணத்துலயும் வெள்ளை மத்தாப்புலயும் மின்னுறதும் அலுமினியப் பொடிதான். ஒரே உலோகம். ஒண்ணு வெளிச்சத்தை உண்டாக்குது, இன்னொண்ணு வெளிச்சத்தை வழிநடத்துது.

நூறு/தொண்ணூறு பைத்தியம்

பைக் வேகமாச்சு, ரோடு நல்லாச்சு, வெளிச்சம் மட்டும் பத்தல. சின்ன பைக்ல வர்ற 35 வாட்ஸ் எச்எஸ்1 பல்போட லோ பீம் கணக்குப்படி 525 லூமன். எச்4-ல 1000 லூமன்.

60 கிலோமீட்டர் வேகத்துல போனா நொடிக்குப் பதினாறரை மீட்டர் கடக்குறோம். ஒண்ணைப் பாத்து, மூளைக்கு உறைச்சு, பிரேக்ல கை வைக்க ஒண்ணரை நொடின்னு வைங்க. அதுக்குள்ள 25 மீட்டர் போயிருச்சு. அப்புறம் வண்டி நிக்க, நல்ல ரோட்டுலயே இன்னும் 28 மீட்டர் ஆகும். மொத்தம் 53 மீட்டர். 40-ல போனா இதே கணக்கு 29 மீட்டர்ல முடியும். 80-ல போனா 80 மீட்டரைத் தாண்டும். மங்கலான ஒரு லோ பீம்ல விளக்கில்லாத மாட்டு வண்டி 30, 40 மீட்டர்ல கண்ணுக்குத் தெரிஞ்சா அதிகம். மிச்சத்தை ஆண்டவன் பாத்துக்குவான்னுதான் எல்லாரும் ஓட்டிக்கிட்டிருக்கோம்.

அதனால ஆளாளுக்கு மாத்த ஆரம்பிச்சாங்க. முதல்ல 60/55. அப்புறம் 100/90. ஆகா, என்னா வெளிச்சம்! ஆனா 35 வாட்ஸுக்குன்னு போட்ட ஒயர்ல 100 வாட்ஸ் இழுத்தா என்னாகும்? ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், ரிஃப்ளெக்டர் பூச்சு கருக்கும், பேட்டரி ரெண்டே மாசத்துல படுக்கும். விவரம் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சிங்க தனி ரிலே போட்டு, பேட்டரியில இருந்து தடிமனான ஒயர் இழுத்துக் கொடுத்தாங்க. மத்தவங்க வண்டி கருகின பிளாஸ்டிக் வாடையோட போச்சு.

எதிர்ல வர்றவங்க கண்ணு கூசுறதுக்கு நம்ம ஊர் மருந்து கருப்பு ஸ்டிக்கர். ரோட்டுல மடக்கி ஹெட்லைட் நடுவுல ஒரு கருப்பு வட்டத்தை ஒட்டி அனுப்புவாங்க. சில வண்டியில கண்ணாடி மேல்பாதிக்குக் கருப்பு பெயிண்ட். இதோட பாட்டன், இரண்டாம் உலகப்போர் காலத்துல விமானக் குண்டுக்குப் பயந்து ஹெட்லைட்டுக்கு முகமூடி போட்டது. 1939-ல இங்கிலாந்துல அப்படி விளக்கை எல்லாம் மறைச்சதும் ரோட்டுச் சாவு எகிறிப்போச்சு. குண்டு விழறதுக்கு முன்னாடியே ஜனம் கார்ல அடிபட்டுச் செத்துச்சு. வெளிச்சத்தை மறைக்கிறது சுலபம். அதை ரோட்டுப் பக்கம் திருப்புறதுதான் வேலை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-லயே, எதிர்ல இருக்கிறவர் கண்ணைக் கூசவைக்காத மாதிரி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்கணும்னு 106-வது விதி சொல்லுது. ஸ்குரூ டிரைவரால ரெண்டு திருகு திருப்பினா முடியுற வேலை. யாரும் செய்யமாட்டோம்.

இப்ப அந்தக் கூச்சமான கதை

2009-னு நினைக்கிறேன். அப்ப என்கிட்ட 150 சிசி வண்டி. எச்ஐடின்னு ஒரு சாமான் புதுசா எல்லாப் பயலும் மாட்டிக்கிட்டிருந்த நேரம். இழையே கிடையாது, செனான் வாயுக்குள்ள மின்னல் மாதிரி ஒரு வில். 1991-ல ஜெர்மனியில பெரிய கார்ல முதல்ல வந்தது. அதுக்குன்னே லென்ஸ் வச்ச விளக்குல போட வேண்டியது. நம்மூர் பைக்லகூட 2007-ல பல்சர் 220-ல லென்ஸ் வச்ச ப்ரொஜெக்டர் விளக்கு வந்திருந்துச்சு. நம்மகிட்ட இருந்ததோ சாதா ரிஃப்ளெக்டர். மதுரையில ஒரு கடையில ரெண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி அதுலயே மாட்டிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி நான் ராஜா. ரோடு பூரா பகல் மாதிரி. எதிர்ல வந்த லாரிக்காரன் டிப் அடிச்சுக் கெஞ்சினான். நான் டிப் பண்ணினேன், ஆனா அந்த ரிஃப்ளெக்டர்ல லோ பீம்னு ஒண்ணு உருப்படியா விழவே இல்லங்கிறது எனக்குத் தெரியாது.

திருத்தங்கல் தாண்டி ஆமத்தூர் வர்றதுக்கு முன்னாடி, எதிர்ல ஒரு சைக்கிள். ஒரு கையை எடுத்து முகத்துக்கு நேரா வச்சாரு. அடுத்த நொடி ஆளைக் காணோம். தார் ரோட்டு ஓரம் ஒரு சாண் பள்ளம். சைக்கிள் அதுல இறங்கி, அவரு கருவேலம் புதருக்குள்ள கிடந்தாரு.

நான் வண்டியை நிறுத்தி, திருப்பி, அவரு பக்கம் வெளிச்சம் அடிச்சேன். உதவி பண்ணுறேன்னு நினைச்சுத்தான்.

"ஏய்யா, மொதல்ல அந்த லைட்டை அணைங்கய்யா. கண்ணே தெரியல" அப்படின்னாரு.

அணைச்சுட்டு செல்போன் வெளிச்சத்துல பாத்தேன். அறுபது வயசு இருக்கும். மருந்து செலுத்துற வேலை. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி அலுமினியப் பொடி. கழுவியும் போகாத வெள்ளி. அந்த வெள்ளிக் கையில முள்ளு கிழிச்சு ரத்தம் கோடு கோடா இறங்குது. மணிக்கட்டு வீங்கிருச்சு. என் வண்டியிலயே ஏத்திக்கிட்டு, அந்த லைட்டையே போட்டுக்கிட்டு, விருதுநகர் வந்து கட்டுப் போட்டோம். எலும்புல கீறல். ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாது. தீபாவளிக்கு முன்னாடி ஆறு வாரம்னா எங்க பக்கத்துல அது என்ன நஷ்டம்னு சொல்லத் தேவையில்ல. நான் கொடுத்த பணத்தை முதல்ல வாங்கல, அப்புறம் அவங்க வீட்டம்மா வாங்கிக்கிட்டாங்க.

அவரு என்னைத் திட்டவே இல்ல. "தப்பு உங்க மேல இல்லய்யா, என் கண்ணுதான் முன்ன மாதிரி இல்ல"ன்னாரு. அதுதான் இன்னைக்கும் அறுக்குது. பிற்பாடு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அறுபது வயசுக் கண்ணுக்குள்ள விழித்திரைக்குப் போய்ச் சேர்ற வெளிச்சம், இருபது வயசுக் கண்ணுல போறதுல சுமார் மூணுல ஒரு பங்குதான். கூசினா தெளிய எடுக்கிற நேரமும் அதிகம். அவரு கண்ணு அப்படித்தான் இருக்கும். அது தெரியாம எரிஞ்சது என் விளக்கு.

மறுநாளே கழட்டிட்டேன். நான் ரோட்டைப் பாக்கணும்னு காசு செலவழிச்சேன். அவரு கண்ணை மறைச்சுட்டு நான் பாத்தேன், அவ்வளவுதான்.

பகல்ல எரியுற லைட்

"அண்ணே, லைட் எரியுது!"ன்னு கையைக் குவிச்சுக் குவிச்சுக் காட்டுவாங்களே, ஞாபகம் இருக்கா? 2017 ஏப்ரல் 1-ல இருந்து புது இருசக்கர வண்டி எல்லாத்துலயும் எஞ்சின் ஓடினா ஹெட்லைட் தானா எரியணும்னு சட்டம் வந்தப்ப, கொஞ்ச நாள் ஊரே கையைக் குவிச்சுக்கிட்டு இருந்துச்சு. எதுக்குய்யா பகல்ல விளக்குன்னு கேட்காத ஆள் இல்ல.

அதுக்குப் பின்னால பெரிய ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்னு ஒருத்தர் தலைமையில 900 பைக் விபத்துகளை நேர்ல போயி ஆராய்ஞ்சு 1981-ல ஒரு அறிக்கை கொடுத்தாங்க. அதோட சாரம்: கார்க்காரன் "பைக் வந்ததை நான் பாக்கவே இல்ல"ங்கிறதுதான் முக்கியக் காரணம். நம்ம சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்கிற மலேசியாவுல 1992-லயே பகல்ல பைக் விளக்கு கட்டாயமாச்சு. பைக் கண்ணுல படாததால நடக்குற வகை விபத்து அங்க சுமார் 29 சதவீதம் குறைஞ்சதா ஆய்வு சொல்லுது.

மாட்டு வண்டிக்கு அடியில ஆடின அரிக்கேன் ஞாபகம் வருதா? அதே வேலைதான். "நான் இங்க இருக்கேன்யா."

எல்இடிக்கு வருவோம்

நீல நிற எல்இடியை உருவாக்கினதுக்காக 2014-ல மூணு ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தாங்க. அந்த நீலத்து மேல மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை வெளிச்சம் எடுக்குறாங்க. கம்மி கரண்ட்ல நிறைய வெளிச்சம். கம்பெனியிலயே எல்இடியோட வர்ற வண்டியில விளக்கு மொத்தத்தையும் அதுக்குன்னே வடிவமைச்சிருப்பாங்க. அது நல்ல சாமான்.

நம்ம அக்கா மகன் கேட்டது வேற. ஹாலஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்பைச் சொருகுறது. இழை இருந்த இடத்துல சில்லு சரியா உட்காரலேன்னா வெளிச்சம் சிதறும். பக்கத்துல பளீர்னு இருக்கும், தூரத்துல ஒண்ணும் இருக்காது, எதிர்ல வர்றவனுக்குக் கண்ணுல குத்தும். பக்கத்துல ரொம்பப் பளீர்னு இருந்தா நம்ம கண்ணும் அதுக்குப் பழகி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாயிரும். தூரம் ரெண்டு மடங்கு தெரியணும்னா அந்தத் திசையில வெளிச்சம் நாலு மடங்கு வேணும். பெட்டி மேல இருக்கிற லூமன் கணக்கை எல்லாம் நம்பாதீங்க. பெட்டியில என்ன நம்பர் வேணாலும் அச்சடிக்கலாம், அச்சடிக்கிறதே எங்க ஊருதானே :-)

ஞாயித்துக்கிழமை வந்தான். பத்து வருஷப் பழைய நூறு சிசி வண்டி. நாங்க செஞ்சது இம்புட்டுத்தான்:

ஹெட்லைட்டைக் கழட்டி எர்த் ஒயரைப் பாத்தோம். பச்சையாப் பூத்திருந்துச்சு. சுரண்டி, துடைச்சு, இறுக்கினோம். ஹோல்டர் கருகியிருந்துச்சு, புதுசு மாத்தினோம். அதே 35 வாட்ஸ்ல தரமான பல்பு ஒண்ணு. முன் கண்ணாடி மஞ்சள் பூத்துப் போயிருந்துச்சு, மொத்த விளக்கையும் அதே மாடலுக்கு உள்ள ஒரிஜினலா மாத்தினோம். எல்லாம் சேர்த்து அவன் ஒரு வாரத்துக்கு பரோட்டா சாப்பிடுற காசு.

அப்புறம் சுவர். வண்டியைச் சுவர்ல இருந்து 5 மீட்டர் தள்ளி சமதரையில நிப்பாட்டி, ஹெட்லைட் நடு உயரத்தைச் சுவர்ல சாக்பீஸால கோடு போட்டோம். அவன் வண்டி மேல உட்கார்ந்தான். எங்க அக்காவைப் பின்னால உட்கார வச்சோம், மார்க்கெட்டுக்கு அவங்க போற வண்டியும் அதுதானே. லோ பீம் வெளிச்சத்தோட மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு அஞ்சு, ஏழு சென்டிமீட்டர் கீழ விழுற மாதிரி திருகினோம். முன்னாடி அது கோட்டுக்கு ஒரு முழம் மேல இருந்துச்சு. ரெண்டு வருஷமா பய காக்கா கூட்டுக்குத்தான் வெளிச்சம் அடிச்சுக்கிட்டிருந்திருக்கான்.

மிச்சக் காசுக்கு சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ரெண்டு முழம். வண்டிக்குப் பின்னால ஒரு துண்டு, அவன் ஹெல்மெட்ல ஒரு துண்டு, எதிர்வீட்டுத் தாத்தா சைக்கிள் மட்கார்டுல ஒரு துண்டு.

ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஆமத்தூர் ரோட்டுக்குப் போனோம். நான் இறங்கி ரோட்டோரமா நின்னுக்கிட்டேன். அவனை அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயித் திரும்பி வரச் சொன்னேன். லோ பீம்ல வந்தான். ரோடு தெரிஞ்சுது, ரோட்டோரப் பள்ளம் தெரிஞ்சுது, வண்டிக்குப் பின்னால அவன் முகமும் மங்கலாத் தெரிஞ்சுது. கையை எடுத்துக் கண்ணுக்கு நேரா வைக்கத் தோணல.

"மாமா, பரவாயில்லையே, நல்லாத் தெரியுதே"ன்னான்.

"எனக்கும்டா"ன்னேன்.

உங்க வண்டிக்கும் ஒரு நாள் இதைச் செஞ்சு பாருங்க மக்களே. ஓட்டுற பக்கம் இருந்து இல்ல, எதிர்ப்பக்கம் நின்னு.

டிஸ்கி: பேட்டரி, ரிலே பத்தி நான் சொன்னதுல ஏதாவது தப்பிருந்தா எலெக்ட்ரிகல் படிச்ச அண்ணாச்சிங்க பின்னூட்டத்துல திருத்துங்க. உங்க ஊர்ல சைக்கிள் லைட்டுக்கு போலீஸ் பிடிச்ச கதை இருந்தா அதையும் எழுதுங்க. எங்க அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.